திராட்சைத் தோட்டக்காரர்களின் கதைகள்: லேபிளில் அச்சாகாத பகுதி

#1 கொடிமுந்திரி

ஒயின் பாட்டிலின் பின்பக்க லேபிளில் தாத்தா நட்ட கொடி இருக்கும், பேரனின் கனவு இருக்கும், வெயில் சாயும் மலைச்சரிவும் இருக்கும். அந்தக் கொடியை எத்தனை மொட்டு விட்டு வெட்டினார்கள், சாற்றை எத்தனை நாள் தோலோடு ஊறவைத்தார்கள் என்பது மட்டும் இருக்காது. இந்த இழை அதற்காகத்தான். ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் ஏதோ நேர்கிறது. துணையை இழக்கிறார், போர் வருகிறது, சொந்தமாக நிலம் இல்லை. அது அவர் தோட்டத்திலும் நிலவறையிலும் செய்த வேலையை எப்படி மாற்றியது? அளவு, வெப்பநிலை, எங்கே தவறும், ஏன் தவறும் என்பவற்றோடு எழுதுங்கள்.

தொடங்கும் முன் ஒரு திருத்தம். பிரான்சின் ஷாம்பேன் பகுதித் துறவி டோம் பெரிஞ்யோன் நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தார் என்பது தவறு. அவர் 1668 முதல் 1715இல் இறக்கும் வரை ஓவிலே மடத்தின் பண்டகப் பொறுப்பாளர். அன்று பாட்டிலில் குமிழி வருவது குறைபாடு. குளிரில் பாதியில் நின்ற நொதித்தல் வசந்தத்தில் மீண்டும் தொடங்குவதால் வருவது. அவருடைய உண்மையான வேலை வெவ்வேறு தோட்டத்துப் பழங்களைப் பிழியும் முன்பே கலந்து சமன் செய்ததும், கறுப்புத் திராட்சையைத் தோல் நிறம் இறங்காமல் மெதுவாகப் பிழிந்து வெள்ளைச் சாறு எடுத்ததும்தான். ஷாம்பேன் பகுதியின் இன்றைய விதியிலும் அந்த நிதானம் இருக்கிறது. 4,000 கிலோ பழத்திலிருந்து முதல் சாறு 2,050 லிட்டர், அடுத்த பிழிவில் 500 லிட்டர். அதற்கு மேல் வருவதை ஷாம்பேனாக்க முடியாது.

#2 நிலவறை

அப்படியானால் பார்ப்-நிகோல் பொன்சார்தேனிலிருந்து தொடங்குகிறேன். உலகம் அவரை ‘வெவ் கிளிக்கோ’ என்றுதான் அறியும். ‘வெவ்’ என்றால் கைம்பெண். பிறந்தது 1777, ரைம்ஸ் நகரம். 1798இல் பிரான்சுவா கிளிக்கோவை மணந்தார். 1805 அக்டோபரில் கணவர் இறந்தபோது வயது 27.

சட்டத்தை இங்கே கவனிக்க வேண்டும். 1804இல் வந்த நெப்போலியனின் குடியியல் சட்டப்படி மணமான பெண் கணவரின் ஒப்புதல் இல்லாமல் ஒப்பந்தம் போட முடியாது. கைம்பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. அவர் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. மாமனார் பிலிப் குடும்பத்தின் ஒயின் வணிகம் முழுவதையும் உடனே கையில் கொடுத்துவிடவும் இல்லை. முதலில் அலெக்சாந்திர் ஃபூர்னோ என்ற அனுபவசாலியோடு நாலு வருடக் கூட்டு. அது முடிந்த 1810இல்தான் நிறுவனம் அவர் பெயருக்கு வந்தது. பெயரிலேயே ‘கைம்பெண்’ என்று இருந்தது அவருடைய வணிக உரிமைக்கான அடையாளம்.

இப்போது நிலவறைக்குப் போவோம். நுரை ஒயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, வாயுவை விட்டு, செத்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலை வாயு போகாமல் எப்படி எடுப்பது? அன்றைய வழி, தெளிந்ததை ஒரு பாட்டிலிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது. ஊற்றினால் குமிழி போகும். ஊற்றாவிட்டால் கலங்கலாக விற்க வேண்டும்.

1816 வாக்கில் அவரும் நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லரும் இதற்கு ஒரு விடை கண்டார்கள். பலகையில் துளையிட்டு, பாட்டிலைக் கழுத்து கீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் உலுக்கித் திருப்பி, படிப்படியாகச் செங்குத்தாக்கிக்கொண்டே போனால் வண்டல் முழுக்கத் தக்கை மேல் இறங்கிவிடும். தக்கையைத் திறந்தால் உள்ளழுத்தமே வண்டலைத் தள்ளிவிடும். இன்று அந்தப் பலகை கூரை வடிவச் சட்டமாக நிற்கிறது. பக்கத்துக்கு 60 துளை, இரண்டு பக்கமும் சேர்த்து 120 பாட்டில்.

வேலை இப்படி நடக்கும். பாட்டிலின் அடியில் வெள்ளைச் சாயத்தால் ஒரு கோடு இருக்கும். அதைப் பார்த்து எட்டில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ சுற்றுவார்கள், ஒருநாள் வலம், ஒருநாள் இடம். பாட்டில் கிட்டத்தட்டக் கிடையாகத் தொடங்கி, செங்குத்தாகத் தலைகீழாக முடியும். மொத்தம் 25 திருப்பம் அளவில், ஆறு வாரம் பிடிக்கும். தேர்ந்த கைக்காரர் இரண்டு கையிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து ஒரே நாளில் 40,000 வரை திருப்புவார். 1970களில் வந்த இயந்திரக் கூண்டு 504 பாட்டிலை ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது. கொள்கை மட்டும் அன்றையதுதான்.

அவருடைய துணிச்சலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நெப்போலியன் வீழ்ந்து, கடல் வழி திறக்கப்போகும் 1814இல், போட்டியாளர்கள் காத்திருந்தபோது 1811 அறுவடையிலிருந்து 10,550 பாட்டிலை ரூவான் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றினார். வெப்பத்தில் பாட்டில் வெடித்தாலோ வழியில் பறிமுதலானாலோ நிறுவனமே போயிருக்கும். சரக்கு பால்டிக் கடற்கரையின் கோனிக்ஸ்பெர்க் துறைமுகம் போய்ச் சேர்ந்து, ரஷ்யச் சந்தை அவர் கைக்கு வந்தது. அந்தச் சந்தைக்கு ஒயினை வண்டல் நீக்கித் தெளியவைக்க விரைவான வழி தேவைப்பட்டது. இரண்டு வருடத்தில் பலகை வந்தது தற்செயல் அல்ல என்பது என் கருத்து.

#3 முகில்வண்ணன்

அருமை ஐயா. இரண்டு கேள்வி. அழுத்தத்துக்கு எவ்வளவு சர்க்கரை போடுகிறார்கள்? அக்காலத்தில் நிலவறையில் பாட்டில் வெடித்து, ஆட்கள் இரும்பு முகமூடி போட்டு நடந்ததற்குக் காரணம் கண்ணாடியா, சர்க்கரையா?

#4 நிலவறை

இரண்டும்தான். பெரிய குற்றவாளி சர்க்கரை.

இன்றைய கணக்கு: 10 டிகிரியில், லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். 24 கிராம் போட்டால் ஆறு. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆல்கஹாலும் 1.2 முதல் 1.4 சதவீதம் கூடும். அதனால் அடிப்படை ஒயினை 11 சதவீதத்துக்குள் வைத்திருப்பார்கள்.

அன்று முதல் நொதித்தலில் மிஞ்சிய சர்க்கரை எவ்வளவு என்று அளக்க வழி இல்லை. உள்ளே 10 கிராம் மிஞ்சியிருக்கும்போது மேலே 24 போட்டால் எட்டு வளிமண்டலத்துக்கு மேல் போகும். ஊதிச் செய்த பாட்டிலின் சுவர் ஒரே கனமாக இருக்காது, மெல்லிய இடத்தில் வெடிக்கும். வெடித்தது பக்கத்துப் பாட்டிலைத் தாக்கி, அடுக்கே சரியும். 1830களில் ஷாலோன் நகர மருந்தாளர் ழான்-பாப்தீஸ்த் பிரான்சுவா மிஞ்சிய சர்க்கரையை அளந்து கணக்கிடும் முறையைக் கொடுத்த பிறகுதான் சேதம் குறைந்தது. பலகைக்கு வருகிற பாதி அளவு புகழ்கூட இந்த மருந்தாளருக்கு வருவதில்லை. அது நியாயமில்லை.

திருப்பும் கட்டத்தில் வரும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டல் கண்ணாடியில் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு திருப்பினாலும் இறங்காது. அந்தப் பாட்டிலைப் பலகையிலிருந்து எடுத்து, வேகமாக உலுக்கி, மறுபடி கிடையாக அடுக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது பாட்டிலில் அடைக்கும்போதே பெந்தோனைட் களிமண் போன்ற ஒன்றை மிகச் சிறிதளவு சேர்ப்பதால் வண்டல் கட்டியாகத் திரண்டு வழுக்கி இறங்குகிறது.

இன்னொன்று, திறந்ததும் பீறிட்டு அடித்துப் பாதி ஒயின் வெளியே போவது. பெரும்பாலும் திராட்சையின் முக்கிய அமிலமான டார்ட்டாரிக்கின் உப்புப் படிகம்தான் காரணம். ஒவ்வொரு துகளிலும் குமிழி பிடித்துக்கொண்டு கிளம்பும். அதனால் அடிப்படை ஒயினைப் பாட்டிலில் அடைக்கும் முன்பே மைனஸ் 4 டிகிரி அளவில் ஒரு வாரம் வைத்துப் படிகத்தை விழவைத்து எடுத்துவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் பின்னால் எதுவும் காப்பாற்றாது.

கடைசிப் படியில், கழுத்தை மைனஸ் 27 டிகிரி உப்புக் கரைசலில் சில நிமிடம் நிறுத்தினால் வண்டல் பனிக்கட்டியில் சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் கட்டி துள்ளி வெளியே விழும். குறைந்த அளவை இனிப்புக் கலந்த ஒயினால் நிரப்பித் தக்கை போடுவார்கள். இன்றைய ‘ப்ரூட்’ என்ற இனிப்புக் குறைந்த வகை லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள். 2010இல் பால்டிக் கடலடியில் ஓலந்து தீவுகளுக்கு அருகே ஒரு கப்பலில் கிடைத்த 168 பாட்டில்களில் கிளிக்கோ நிறுவனத்தினதும் இருந்தன. சோதித்தவற்றில் லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை.

#5 சுண்ணக்கல்

பெரிய நிறுவனத்திலிருந்து ஒரு சிறு தோட்டக்காரருக்கு வருகிறேன். ஆன்ரி ஜாயே. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரொமானே கிராமம், பிறப்பு 1922, இறப்பு 2006. வீட்டில் மூன்று சகோதரர்களில் இளையவர். போர்க் காலத்தில் கமுசே குடும்பத்தின் தோட்டங்களைப் பங்குக்கு (வாரத்துக்கு) எடுத்தார். செலவும் உழைப்பும் அவருடையது, விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. நம் ஊர் வாரச் சாகுபடிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. உலகின் மிக உயர்ந்த திராட்சை நிலங்களில் ஒன்றான ரிஷ்புர்க்கில் உழைத்தவர் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் அல்லர். அவருடைய கதை முழுவதையும் இந்த ஒரு விஷயம்தான் இயக்குகிறது என்று நினைக்கிறேன்.

ரிஷ்புர்க்குக்கு நேர் மேலே, சரிவில், குரோ பராந்து என்று ஒரு துண்டு. மொத்தமே ஒரு எக்டேர்தான். ஃபிலாக்சரா என்ற வேர்ப்பேன் கொடிகளைத் தின்றபின் அதை மீண்டும் நட யாரும் முன்வரவில்லை. போர்க் காலத்தில் அங்கே கிழங்கு பயிரிட்டார்கள். மேல்மண் மிகக் குறைவு, அடியில் சுண்ணாம்புப் பாறை, பள்ளத்தாக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கும் இடம். விலை மலிவு. 1951 முதல் துண்டு துண்டாக வாங்கினார். பாறையில் வேர் இறங்க வழியில்லாததால் 400 வெடிக்கு மேல் வைத்துப் பிளந்தார்.

வெடி வைப்பது வீரத்துக்காக அல்ல. பாறை பிளவுபட்டால் மழைநீர் தேங்காமல் உள்ளே இறங்கும். வேர் அந்த ஈரத்தைத் தேடிப் பிளவு வழியே போகும். கோடையில் மேல்மண் காய்ந்தாலும் கொடி வாடாது, மழை பெய்தாலும் பழம் ஊதிப் பெருக்காது. பிளக்காமல் நட்டிருந்தால் வேர் ஒரு முழ ஆழத்தில் பரவி, ஒவ்வொரு வறட்சியிலும் இலை உதிர்த்திருக்கும்.

பர்கண்டியில் கொடிக்குக் கொடி, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான், எக்டேருக்கு 10,000 கொடி. விளைச்சலை எக்டேருக்கு 35 எக்டோலிட்டருக்குள், அதாவது 3,500 லிட்டருக்குள் வைத்தால் ஒரு கொடிக்கு 350 மில்லி ஒயின். அரை பாட்டிலுக்கும் குறைவு. அதை அவர் குளிர்காலக் கவாத்திலேயே முடிவு செய்துவிடுவார்.

அடுத்தது அவர் பேசிப் பேசி மற்றவர்கள் பின்னால் ஏற்றுக்கொண்ட விஷயம். 1960களிலும் 70களிலும் பர்கண்டி விவசாயிகள் பொட்டாஷ் உரத்தை அள்ளிக் கொட்டினார்கள். கொடி பச்சைப்பசேல் என்றிருக்கும். பழத்தில் பொட்டாசியம் ஏறும். சாற்றில் அது டார்ட்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி அடியில் படியும். அமிலம் அப்படியே குறையும், பி.ஹெச். உயரும். பி.ஹெச். 3.8ஐத் தாண்டினால் நிறம் மங்கும். கந்தக டையாக்ஸைடு போட்டாலும் வேலை செய்யும் பங்கு சொற்பம், கெடுக்கும் பாக்டீரியா எளிதில் பிடிக்கும். மண்ணில் ஏறிய பொட்டாசியம் இறங்கப் பல வருடமாகும். ஜாயே உரத்தைத் தவிர்த்து மண்ணைக் கொத்தி உழுதார்.

பழம் வந்தபின் அவர் செய்தது:

பொறுக்கல் கடுமையாக. அழுகிய பழம் ஒன்றுகூட உள்ளே போகாது.

காம்பு முழுவதும் நீக்கம். பக்கத்துப் பண்ணைகள் பலவும் முழுக்குலையாகப் போட்ட காலம் அது. காம்பு பச்சைத் துவர்ப்பைத் தரும், காம்பிலுள்ள பொட்டாசியம் அமிலத்தையும் குறைக்கும்.

நொதிக்கும் முன் 15 டிகிரிக்குக் கீழே ஐந்து முதல் ஏழு நாள் தோலோடு ஊறல். பிறகு சூடேற விட்டு நொதித்தல், நாளுக்கு இருமுறை மேலே மிதக்கும் தோல் படலத்தை அமுக்கல்.

புது ஓக் பீப்பாயில் ஒன்றரை வருடம். முட்டை வெள்ளையால் தெளியவைத்தல், வடிகட்டல் கிடையாது.

1978இல்தான் குரோ பராந்துவைத் தனிப் பெயரில் பாட்டிலில் அடைத்தார். வாங்கத் தொடங்கி 27 வருடம் கழித்து. அதற்கு முன் அது கிராம ஒயினோடு கலந்துபோனது.

#6 கொடிமுந்திரி

முன்குளிர் ஊறல் பற்றி ஒரு மறுப்பு. அதைச் செய்தாலே ஜாயே மாதிரி வந்துவிடும் என்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பல இடங்களில் நெயில் பாலிஷ் வாடைதான் வருகிறது.

#7 சுண்ணக்கல்

சரியான மறுப்பு. ஊறலின் நோக்கம், ஆல்கஹால் இல்லாத நீரில் கரைவதை மட்டும் முதலில் எடுப்பது. நிறமும் மணமும் தோலிலிருந்து நீரிலேயே இறங்கும். விதையின் துவர்ப்புக்கு ஆல்கஹால் வேண்டும், அது பின்னால்தான் வரும்.

ஆனால் ஊறும் அந்த ஐந்து நாளும் சாறு பாதுகாப்பில்லாமல் கிடக்கிறது. 15 டிகிரி என்பது முக்கிய ஈஸ்டைத் தூங்கவைக்கும். தோலில் வரும் காட்டு ஈஸ்ட் சிலவற்றுக்கு அந்தக் குளிர் பொருட்டே இல்லை. அவைதான் எத்தில் அசிட்டேட் உண்டாக்கி அந்த வாடையைத் தருகின்றன. வாடை வருவதற்கு வழக்கமாக மூன்று காரணம்: பழத்தில் அழுகல் இருந்தது, கந்தகம் போதவில்லை, தொட்டியின் மேற்பரப்பைக் காற்றிலிருந்து மூடவில்லை. வெயிலில் சூடான பழத்தைக் கொண்டுவந்து மெதுவாகக் குளிரவைப்பது இதைவிட மோசம், 20 டிகிரியைக் கடந்து இறங்குவதற்குள் எல்லாம் நடந்துவிடும். பர்கண்டியில் செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் பழமே குளிர்ந்துதான் வரும். அந்த வசதி இல்லாத ஊர்க்காரர்கள் அவர் வேலையில் இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் பொறுக்கலையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

#8 முகில்வண்ணன்

‘சூடான பழம்’ என்றதும் லெபனானுக்குப் போக வேண்டும். ஷாத்தோ முசார் ஒயினாலையின் சேர்ஜ் ஓஷார். அப்பா கஸ்தோன் 1930இல் தொடங்கியது. நிலவறை பெய்ரூட்டுக்கு வடக்கே கசீரில், தோட்டம் மலைத் தொடருக்கு அந்தப் பக்கம் பெக்கா பள்ளத்தாக்கில், 1,000 மீட்டர் உயரத்தில். சாதாரண காலத்தில் லாரி ஒரே நாளில் வந்துவிடும்.

1975இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1990 வரை. தோட்டத்துக்கும் நிலவறைக்கும் நடுவே போர்முனைகள். பதினைந்து வருடப் போரில் 1976இல் அறுவடையே இல்லை. 1984இல் லாரிகள் வழியில் சிக்கிச் சுற்றி வந்ததால், பழம் பெட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. மற்ற வருடங்களில் ஒயின் செய்தார். பிரிட்டிஷ் ஒயின் இதழான டிகாண்டர் 1984இல் ‘ஆண்டின் மனிதர்’ என்ற பட்டத்தைத் தொடங்கியபோது முதலில் கொடுத்தது அவருக்கு. இறந்தது 2014 டிசம்பர் 31.

செய்முறை: கேபர்நே சோவிஞ்யோன், சான்சோ, கரிஞ்யான் என்ற மூன்று ரகங்களையும் தனித்தனியே சிமெண்ட் தொட்டியில், தோலில் வந்த ஈஸ்டிலேயே நொதிக்கவிடுவார்கள். பிறகு பிரெஞ்சு ஓக்கில் ஒரு வருடம், பிறகு கலப்பு, பிறகு பாட்டிலில் நெடுங்காலம். ஏழு வருடம் கழித்துத்தான் விற்பனை. உள்ளூரிலேயே விற்றுப் பிழைத்த நிறுவனம் போர் வந்ததும் வாடிக்கையாளரை இழந்தது. 1979இல் பிரிஸ்டல் ஒயின் கண்காட்சிக்குக் கொண்டுபோனதுதான் வெளிநாட்டுக் கதவைத் திறந்தது. வெள்ளை ஒயினில் ஒபைதே, மெர்வா என்ற உள்ளூர் ரகங்கள்; அவற்றை யாரும் திரும்பிப் பார்க்காத காலத்திலும் அவர் விடவில்லை.

#9 நிலவறை

மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். முசாரின் பல வருட ஒயின்களில் ஆவியாகும் அமிலம் (புளிக்காடி வாடை தருவது) அதிகம் என்பது ஊரறிந்தது. சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய வரம்பு அசிட்டிக் அமிலமாக லிட்டருக்கு 1.2 கிராம். 0.7, 0.8 வந்தாலே பழகிய மூக்குக்குத் தெரியும். போரின் கதை தெரிந்தபின் அதைப் ‘பண்பு’ என்கிறோம், கதை தெரியாத ஒயினில் அதையே ‘குறை’ என்போம். கதைக்காக அளவுகோலை வளைப்பது சரியா?

#10 முகில்வண்ணன்

வளைக்க வேண்டாம். ஆனால் காரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். பழம் பெட்டியில் நசுங்கி, சாறு காற்றோடு கிடந்தால் அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலைப் புளிக்காடியாக்கும். அது விபத்து. சேர்ஜ் கந்தகத்தைக் குறைவாகவே போட்டார், வடிகட்டவில்லை, போர் இல்லாத வருடங்களிலும் அப்படித்தான். அது தேர்வு. அமிலம் கொஞ்சம் உயர்ந்தாலும் பழமும் துவர்ப்பும் அதைத் தாங்கும் அளவுக்கு இருந்தால் முப்பது வருடம் நிற்கிறது. இல்லாவிட்டால் நிற்காது, அவருடைய பாட்டில்களிலேயே இரண்டு வகையும் உண்டு. வாங்குகிறவர் கதையை வாங்காமல் அந்த வருடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

#11 பந்தல்கால்

சுண்ணக்கல் பொட்டாசியம் பற்றி எழுதியதைப் படித்தபோது நாசிக் கண்முன் வந்தது. அங்கே அதே பிரச்சினை, வேறு வழியாக.

இந்தியாவில் இந்த வேலையைத் தொடங்கியவர்களின் வாழ்க்கையும் சுவாரசியமானது. கன்வால் குரோவர் பிரான்சோடு தொழில் உறவு வைத்திருந்தவர். ஷாம்பேன்காரர் ழோர்ஜ் வெசெலோடு சேர்ந்து பிரெஞ்சு ரகங்களைச் சோதித்து, 1988இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் நட்டார். ராஜீவ் சாமந்த் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிளில் வேலை பார்த்துத் திரும்பியவர். நாசிக்கில் குடும்ப நிலத்தில் வேறு பயிர்களை முயன்றபின், கலிபோர்னிய ஒயின் நிபுணர் கெர்ரி டாம்ஸ்கியின் உதவியோடு 1997இல் சோவிஞ்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க் நட்டார். முதல் ஒயின் 2000இல். அம்மா சுலபாவின் பெயரிலிருந்து நிறுவனத்துக்கு ‘சூலா’ என்று பெயர்.

இருவருக்கும் ஒரே எதிரி: இங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. ஐரோப்பாவில் பனி இலையை உதிர்க்கும், கொடி ஓய்வெடுக்கும், வசந்தத்தில் எல்லா மொட்டும் ஒன்றாக விழிக்கும். நாசிக்கில் விட்டால் கொடி வருடம் முழுக்க இலைதள்ளும், நுனி மொட்டு மட்டும் துளிர்க்கும். அதனால் இரட்டைக் கவாத்து.

ஏப்ரலில் அடிக்கவாத்து, ஒன்றிரண்டு மொட்டு விட்டு. இதில் வரும் கிளையில் பழம் எடுப்பதில்லை. வெட்டிய 40 முதல் 60 நாளுக்குள் அடுத்த பருவத்தின் காய் மொட்டு கிளைக்குள் உருவாகிறது. அந்த நாட்களில் வெயில் குறைந்தாலோ, தண்ணீரும் தழைச்சத்தும் மிஞ்சினாலோ மொட்டு காய்க்குப் பதில் பற்றுக்கம்பியாகிவிடும். அக்டோபரில் குலையே இல்லை என்று அழுபவர்கள் செய்த தவறு ஜூனில் நடந்தது.

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் காய்க்கவாத்து. வெட்டிய இரண்டு நாளுக்குள் மொட்டுகளில் ஹைட்ரஜன் சயனமைடு தடவுவார்கள், 50 சதவீத மருந்தில் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி அளவில், எல்லா மொட்டும் ஒன்றாக விழிக்க. இது விஷம். கையுறை, முகக்காப்பு இல்லாமல் தொடக் கூடாது. தடவுவதற்கு முந்தின நாளிலிருந்து தடவியபின் சில நாள் வரை மது அறவே கூடாது. உடல் ஆல்கஹாலை உடைப்பதை இது தடுப்பதால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் விழும். கூலி ஆட்களுக்கு இதை வேலை தொடங்கும் முன் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. கவாத்தைத் தள்ளிப்போட்டால் பழம் மார்ச் வெயிலில் பழுக்கும். சர்க்கரை கிடுகிடுவென ஏறும், புளிப்புத் தரும் மாலிக் அமிலம் வெப்பத்தில் எரிந்து போகும், ஒயின் சப்பென்றிருக்கும். முன்கூட்டியே வெட்டினால் பூக்கும் நேரத்தில் கடைசி மழை பிடித்து அடிச்சாம்பல் நோய் குலையையே கருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே சில வார இடைவெளிதான்.

இப்போது பொட்டாசியம். மகாராஷ்டிரத்தில் உண்ணும் திராட்சைக்குப் பரவலாகப் பயன்படும் வேர்ச்செடி (மேலே வேறு ரகத்தை ஒட்டுக்கட்டும் அடிச்செடி) டாக்ரிட்ஜ். வறட்சியையும் உப்பு நீரையும் தாங்கும். ஆனால் பொட்டாசியத்தை நிறைய உறிஞ்சும். உண்ணும் பழத்தில் அது குறையல்ல, ஒயினில் பி.ஹெச். ஏறுகிறது. உரம் போடாமலேயே ஜாயே பயந்த நிலை வந்துவிடும். ஒயின் தோட்டத்துக்கு 110 ஆர், 1103 பி போன்ற வேர்ச்செடிகளை நாடுவது இதனால்தான். நட்டபின் மாற்ற முடியாத முடிவு இது. ஒயினாலையில் டார்ட்டாரிக் அமிலம் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் சேர்த்துச் சமாளிக்கலாம், ஆனால் பொட்டாசியம் உள்ளே இருக்கும்வரை சேர்த்ததில் ஒரு பகுதி மறுபடி உப்பாகி விழும்.

#12 கொடிமுந்திரி

பந்தல்கால், அப்படியே தேனி மாவட்டத்துக் கம்பத்துக்கும் வாருங்கள். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. அதில் ஏன் நல்ல ஒயின் வருவதில்லை?

#13 பந்தல்கால்

‘வராது’ என்பதைவிட ‘அதற்காக வளர்க்கவில்லை’ என்பதே சரி. பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க், மணமுள்ள ரகம். பந்தல் முறை, முல்லைப் பெரியாற்றுப் பாசனம், திடமான கிளையை நாலு மொட்டு விட்டும் மெலிந்ததை ஒன்றிரண்டு விட்டும் கவாத்து. எக்டேருக்கு வருடம் 30 டன் வரை எதிர்பார்க்கப்படும் பயிர். ஜாயேயின் 35 எக்டோலிட்டரைப் பழமாகக் கணக்கிட்டால் ஐந்து டன்கூட வராது. இலை ஒன்றுதான், அது செய்யும் சர்க்கரையை ஆறு மடங்கு பழத்துக்குப் பங்கு போட்டால் 18, 19 பிரிக்ஸில் (100 கிராம் சாற்றில் அத்தனை கிராம் சர்க்கரை) நிற்கும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரைக்கு ஒரு சதவீத ஆல்கஹால் என்று கொண்டால் பத்து சதவீத ஒயின். 22 பிரிக்ஸ் வேண்டுமென்றால் குலையைப் பாதிக்குமேல் உதிர்த்து, கூடுதல் நாள் கொடியிலேயே விட வேண்டும். பழத்துக்கு இருக்கும் அன்றாடச் சந்தை விலையில் ஒரு கம்பம் விவசாயி அதைச் செய்ய மாட்டார், செய்யச் சொல்வதும் நியாயமில்லை. யாராவது எடைக்குப் பதில் பிரிக்ஸுக்கு விலை வைத்து முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் பேசலாம்.

கம்பத்துக்கும் பிரான்சுக்கும் வேறொரு உறவு தினமும் தெளிப்பானில் ஓடுகிறது. 1882இல் போர்டோ பகுதியின் மெடோக்கில், சாலையோரக் கொடிகளில் பழத் திருட்டைத் தடுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார்கள், நீலம் படிந்து விஷம்போலத் தெரிய வேண்டும் என்று. தாவரவியலாளர் மில்லார்தே அந்த வரிசைகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததைக் கவனித்தார். 1885இல் முறையை வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை.

#14 சுண்ணக்கல்

கலவையை இங்கேயே எழுதிவிடுங்கள். தப்பாகக் கலந்து இலை கருகியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

#15 பந்தல்கால்

ஒரு சதவீதக் கலவை, 100 லிட்டருக்கு: மயில்துத்தம் ஒரு கிலோ, நீர்க்காத சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. மயில்துத்தத்தைப் பொடித்துத் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீரில் தொங்கவிட்டால் தானாகக் கரையும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது, தாமிரம் அதில் படிந்து கலவை வீணாகும். சுண்ணாம்பை வேறொரு தொட்டியில் கொஞ்சம் தண்ணீரில் நீர்த்து, ஆறியபின் 50 லிட்டராக்கி வடிகட்ட வேண்டும். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். பிறகு துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றி, மரக்குச்சியால் கலக்கிக்கொண்டே இருங்கள். மாற்றி, சுண்ணாம்பைத் துத்தத்தில் கொட்டினால் துகள் பெரிதாகி இலையில் ஒட்டாமல் வழியும்.

கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய சுண்ணாம்பு. காற்றுபட்டுச் செத்த சுண்ணாம்பில் காரம் குறைந்துவிடும், தாமிரம் தனித்து நின்று இலையைச் சுடும். தெளிக்கும் முன் தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அலகில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டும். அலகு வெளுப்பாகவே இருந்தால் அன்றே தெளித்து முடியுங்கள், மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.